நேரத்தை ஓடவிட்ட வசந்தி அக்கா

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கைபேசியைத் திறந்தேன். எங்கள் சனிக்கிழமைக் குழுவில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் ஆடும் வீடியோ கேமுக்குப் புதிதாக வந்த அப்டேட்டில், மோதி விழும் ஆட்டக்காரர்கள் முன்னையைவிட உண்மையாக விழுகிறார்களா அல்லது அரிசி மூட்டை சரிவதுபோல் விழுகிறார்களா என்பது விஷயம். முதல்நாள் நான் நீளமாக எழுதியிருந்தேன். ரெனானில் இருக்கும் யூட் அதற்கு எதிர்வாதம் எழுதியிருப்பான் என்று நினைத்தேன். "வசந்தி அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா" என்று மட்டும் எழுதியிருந்தான். முதலில் வந்தது கோபம். இந்தச் சண்டைக்கு நடுவிலா ஒரு சாவை எழுதுவது என்று. சில் ஆற்றோரமாக ரயில் போய்க்கொண்டிருந்தபோது, வேறு எங்கே எழுதுவான் என்றும் தோன்றியது. அக்கா எங்களுக்குக் கிடைத்ததே இப்படி ஒரு சண்டைக்கு நடுவில்தான்.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரைக் கூர் நகரத்து ஹோட்டல் ஒன்றில் காலைச் சாப்பாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவராக அறிவீர்கள். மதுராவின் அம்மாவாக அறிவீர்கள். கணவர் நேரத்தோடு போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பெண்பிள்ளையைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர் என்று செத்தவீட்டில் எல்லோரும் சொன்னீர்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் அவர் ஓர் அமெரிக்க வீடியோ கேமின் ரசிகை என்பதும், அந்தக் கேம் எவ்வளவு உண்மையாக இருக்கவேண்டும் என்று முன்பின் தெரியாத அமெரிக்கர்களோடு மல்லுக்கட்டியவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திராது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். யூட் எழுதமாட்டான், பேசத்தான் செய்வான். ஆகவே நான் எழுதுகிறேன்.

அந்தக் கேமைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் ஃபுட்போலை வைத்துச் செய்தது. பெயர்தான் ஃபுட்போல், காலால் உதைப்பது எப்போதாவது. மற்ற நேரமெல்லாம் முட்டை வடிவப் பந்தைக் கமக்கட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனை விழுத்துவதும்தான். பல வருடம் வெளிவராமல் இருந்து திரும்ப வந்த கேம் என்பதால் ரசிகர்கள் அதைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். புல் சரியா, களைத்தவன் களைத்தவன் மாதிரி ஓடுகிறானா, வாத்தியக் குழு சரியான நேரத்தில் வாசிக்கிறதா என்றெல்லாம் இணையத்தில் தங்களுக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு எழுதித் தள்ளுவார்கள். நானும் யூட்டும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அப்போது ஓர் உண்மையான ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்திராத நாங்கள், எது உண்மை என்று அமெரிக்கர்களுக்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தோம்.

அட்லிஸ்வில் முருகன் கோவிலில் ஒரு திருவிழா. யூட் வேதக்காரப் பெடியன், மாதா கோவிலுக்குப் போகிறவன். ஆனால் அன்னதானம் என்றால் லொசான் பக்கத்திலிருந்து ரயில் ஏறி வந்துவிடுவான். பந்தியில் இருந்து சாப்பிட்டபடி நாங்கள் வழமையான சண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பெண்மணி கையில் பிசைந்த சோற்றோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பியவை, குறை நினையாதேங்கோ. நீங்கள் கதைக்கிற கேமில அமெரிக்காவில இருக்கிற எல்லா யூனியும் இருக்கோ?"

"ஓம் அக்கா, கிட்டத்தட்ட எல்லாம் இருக்கு" என்றான் யூட்.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். மகள் மதுரா மேற்படிப்புக்காக அங்கே போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. யூட் இடதுகையால் கைபேசியைத் தட்டித் தேடி, அது கேமில் இருக்கிறது என்று காட்டினான். அக்கா விடவில்லை.

"மைதானமும் இருக்கோ? வெளியால ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிக்குதாம், அதுவும் தெரியுமோ?"

"எல்லாம் தெரியும் அக்கா. அப்பிடியே அச்சொட்டாச் செய்திருக்கிறாங்கள்."

அக்கா எழும்பிப் போனார். பாயச வாளியோடு திரும்பி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டாம் வேண்டாம் என்னும்வரை விட்டார். அடுத்த கிழமையே கேம் பெட்டியை வாங்கிவிட்டதாக அழைத்துச் சொன்னார். "இந்தக் கைபிடியில ஏன் தம்பி இவ்வளவு பொத்தான்? எங்கட ஹோட்டல் கோப்பி மெசினிலகூட இவ்வளவு இல்லையே" என்பது அவருடைய முதல் முறைப்பாடு.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைக் குழு உண்டானது. மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்ததும், கூரில் அக்கா, அட்லிஸ்வில்லில் நான், ரெனானில் யூட் என்று மூவரும் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு மாறி மாறி ஆடுவோம். அக்கா ஆடியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் திரை மைதானத்தைச் சுற்றிக் காட்டும். நாங்கள் பொறுமையில்லாமல் பொத்தானை அமத்தித் தாண்டிப் போவோம். அவர் அமத்தமாட்டார். "அக்கா, அமத்துங்கோ!" என்று யூட் காதுக்குள் கத்துவான். "பொறும் தம்பி. நிழல் இப்பதான் புல்லில போட்ட கோட்டைத் தாண்டுது" என்பார். கூரில் மாரிகாலத்தில் மலை நேரத்தோடு சூரியனை எடுத்துக்கொண்டு போய்விடும். அக்கா வீட்டில் விளக்குப் போட்ட பிறகும் திரைக்குள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பார்வையாளர் படிகளில் மஞ்சளாக வெளிச்சம் வழியும். கோபுரத்தின் நீண்ட நிழல் புல்லில் படுத்திருக்கும். யாரோ ஊதும் எக்காளம் தூரத்தில் கேட்டு அடங்கும். "இஞ்ச பொழுது பட்டிட்டுது. மகளின்ர ஊரில இன்னும் வெயில்" என்று அக்கா மெதுவாகச் சொல்வார். அப்படி அவர் சொல்லும்போது நானும் யூட்டும் பேசாமல் இருப்போம். ஏன் பேசாமல் இருந்தோம் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. அந்த வெயிலில் எங்களுக்கும் கொஞ்சம் சூடு பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரு சனிக்கிழமை சிரிப்பை அடக்கமாட்டாமல் வந்தார். "இவ்வளவு நாளும் மதுரா ஒருக்காலும் மைதானத்துக்கு உள்ளுக்குப் போகேல்லையாம். படிப்பாம், லைப்ரரியாம். நான் கிழமைக்குக் கிழமை போறன், அவள் போகேல்லை!" அதன்பிறகு அந்த இடத்தைப் பற்றி மகளுக்குத் தாய்தான் வழிகாட்டி. வடக்கு வாசலுக்குக் கிட்ட ஒரு பெரிய மரம் நிற்கிறது, போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறார். மகள் போய் மரத்தடியில் நின்று படம் எடுத்து அனுப்பினாள். அதை எங்களுக்கு அனுப்பி, "மரம் நிக்குது! கேம் செய்தவங்கள் பொய் சொல்லேல்லை" என்று குரல்பதிவு போட்டார். ஒரு போட்டியில் வென்றபோதுகூட அவர் குரலில் அந்தச் சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. நானும் யூட்டும் உண்மை உண்மை என்று சண்டை பிடித்தது பொழுதுபோக்கு. அக்காவுக்கு அது வேறு. கேம் எவ்வளவு உண்மையோ, மகள் அவ்வளவு கிட்ட.

ஆகவேதான் பனி விஷயத்தில் அவருக்கு அவ்வளவு ரோசம் வந்தது. ஓர் ஆட்டத்தில் திரையில் பனி கொட்டியது. எங்களுக்கெல்லாம் வாய் பிளந்த அழகு. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. கூரில் இத்தனை வருடம் விடியக்காலை வேலைக்குப் பனியில் நடந்தவர். "இது பஞ்சு, பனியில்லை. மிதிச்சா தடம் விழேல்லையே. ரசிகர் பக்கத்தில எழுதும் தம்பி" என்றார். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சிலர் சிரித்தார்கள். இது பனிச்சறுக்கு கேம் இல்லை அம்மா என்றார் ஒருவர். பனி பெய்யும் வடக்கு ஊர்க்காரர் ஒருவர் வந்து, இந்த அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றார். அவ்வளவுதான், அவர்களுக்குள் பிடித்துக்கொண்டது. "நான் ஒரு தடம் கேட்டன், அவங்கள் குத்துப்படுறாங்கள்" என்று அக்கா வியந்தார். ஏன் இந்தத் தடத்தில் இவ்வளவு பிடிவாதம் என்று யூட் கேட்டான். "தடம் விழாட்டி என்ர பிள்ளை அதால நடந்த மாதிரி இல்லையே" என்றார்.

அவரை அந்தப் பக்கத்தில் புகழ்பெற வைத்தது வேறொரு பதிவு. கணினி ஆடும் அணியோடு அக்கா ஆடிக்கொண்டிருந்தார். கடைசி நிமிடம். அக்கா கொஞ்சம் பின்தங்கி நின்றார். பந்து எதிர்ப்பக்கத்தின் கையில். அவர்களுடைய பந்துக்காரன், அதாவது பந்தை வாங்கி எறியவேண்டியவன், வாங்கிய கையோடு ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி அப்படியே நின்றான். யாரும் அவனைத் தொடவில்லை. மேலே நேரம் ஓடியது. மறுபடி பந்தைக் கொடுத்தார்கள், மறுபடி முழங்கால். ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்கள். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இதென்ன தம்பி இது, வாத்தியார் முழங்காலில நிக்க விட்ட மாதிரி நிக்கிறான்! என்ன பிழை செய்தவன்?"

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். வீட்டுவேலை செய்யாமல் போனால் வகுப்புக்கு வெளியே முழங்காலில் நிற்கவேண்டும், வேறென்ன? "மே நோ அக்கா, அவன் செபம் பண்ணுறான்" என்று பிரெஞ்சில் மறுத்தான் யூட். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். கேம் சிக்கிப்போய்விட்டது, இது மென்பொருள் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன். கணினி வேலை செய்கிறவனுக்கு எல்லாமே கோளாறுதான். மூன்றையும் சேர்த்து எழுதினோம். கையில் பந்து இருக்கும்போது எவன் முழங்காலில் நிற்பான், இதுவா உண்மை, உடனே திருத்துங்கள் என்று அக்கா சொன்னதைச் சொன்னபடி போட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பில் குலுங்கியது. ஆளுக்கு ஆள் வந்து எழுதினார்கள். தண்டனை என்ற விளக்கம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. அவமானத்தில் எனக்குக் காது சூடாகிப்போனது. பிறகு, பள்ளிக்கூட அணிகளைப் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் நிதானமாக எழுதினார். நான் அதை அக்காவுக்குத் தமிழில் வாசித்தேன். அம்மா, இந்தக் கேமில் எவ்வளவோ பொய் இருக்கிறது. நீங்கள் பார்த்தது மட்டும் சுத்தமான உண்மை. ஆட்டம் அவன் கைக்கு வந்துவிட்டது. இனி ஓடினால் யாருக்காவது அடிபடும், வேறு லாபமில்லை. ஆகவே பந்தை வாங்கி முழங்காலை ஊன்றி நேரத்தை ஓடவிடுகிறான். தோற்றுக்கொண்டிருப்பவனால் அப்படி நிற்க முடியாது. இதுதான் அவர் எழுதியது.

அக்கா கடைசி வரியை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார்.

"அப்ப வெண்டவன்தானோ முழங்காலில நிக்கிறது?"

"ஓம் அக்கா."

"எங்கட பள்ளிக்கூடத்தில இதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே" என்றார். அன்றிலிருந்து முன்னால் நிற்கும்போதெல்லாம் கடைசி நிமிடத்தில் அவருடைய பந்துக்காரன் முழங்காலை ஊன்றிவிடுவான். அக்கா கைபிடியை மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். கோப்பை தட்டில் வைக்கப்படும் சத்தம் என் காதுக்குள் கேட்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. முன்னால் நின்றால் இன்னும் முன்னால் போகவேண்டும் என்பது என் கொள்கை; கடைசி விநாடி வரை பந்தை எறிவேன். "வெண்டாப் பிறகும் என்னத்துக்குத் தம்பி அடிக்கிறீர்?" என்று கேட்பார்.

உண்மையான ஆட்டத்தைப் பார்க்காமல் உண்மையைப் பற்றிக் கதைப்பது வெட்கக்கேடு என்று ஒருநாள் மூவரும் முடிவெடுத்தோம். சுவிஸிலும் இதை ஆடும் சிறிய கழகங்கள் இருக்கின்றன. வசந்தகாலத்து ஞாயிறு ஒன்றில், ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளியில் நடந்த ஆட்டத்துக்குப் போனோம். பார்வையாளர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் பெற்றோரும் காதலிகளும்தான். வாட்டும் சொசேஜ் மணம். ஒருவர் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் ஆறுதலாகச் சப்பாத்து நாடா கட்டினான். கேமில் ஒருவரும் நாடா கட்டுவதில்லை என்று யூட் குறிப்பெடுத்தான். இடைவேளைக்குப் பிறகு மலையிலிருந்து முகில் இறங்கி மைதானத்தின் மறுபாதியை மூடிவிட்டது. எறிந்த பந்து வெள்ளைக்குள் போயிற்று. ஓடியவர்களும் அதற்குள் போனார்கள். தோளும் தோளும் மோதும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. மாட்டு மணிக்காரர்கூட ஆட்டுவதை நிறுத்திவிட்டார். உலகத்தில் அந்தப் புல்வெளியின் எங்கள் பாதி மட்டும்தான் மிச்சம் என்பதுபோல் இருந்தது. வெகுநேரம் கழித்து முகிலுக்குள்ளிருந்து இருவர் வந்தார்கள். ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் எதிரணிக்காரன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "பாத்தீரோ, விழுத்தினவனே தூக்கிக்கொண்டு வாறான். எங்கட கேமில ஏன் இது இல்லை?"

அதுதான் அவர் ரசிகர் பக்கத்தில் போடச் சொன்ன கடைசிப் பதிவு. விழுத்தியவன் கை கொடுத்துத் தூக்கிவிடவேண்டும், அதுவும் ஆட்டத்தின் பகுதி என்றார். எதற்கெடுத்தாலும் கட்டிப்புரளும் அந்தக் கூட்டம் அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. ஆளுக்காள் ஓம் போட்டுவிட்டுப் போனார்கள். கேம் செய்கிறவர்கள் இன்னும் அதைச் செய்யவில்லை.

மதுரா படித்து முடித்துத் திரும்பி வந்து சூரிச்சில் வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் அக்காவுக்கு வருத்தம் வந்தது. என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை, நானும் எழுதவில்லை. முதல் சிகிச்சை எடுத்தார். இரண்டாவதும் எடுத்தார். முடி கொட்டியபோது, தலைக்கவசம் போட்டால் தெரியாது என்று பகிடி விட்டார். மூன்றாவது ஒன்று இருக்கிறது, முயன்று பார்க்கலாம், கஷ்டமாக இருக்கும், சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம் என்றார்கள் வைத்தியர்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். கேள்விப்பட்டதும் நானும் யூட்டும் கூருக்குப் போனோம். வழி நெடுக நான் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி அறை ஜன்னலில் மலை தெரிந்தது. அக்கா சாய்ந்து படுத்திருந்தார். மதுரா ஏதோ வாங்கக் கீழே போயிருந்தாள்.

"விடாதேங்கோ அக்கா, இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

"நேரம் இருக்குத்தான். நான் எவ்வளவு முன்னால நிக்கிறன் எண்டு பாத்தீரோ?" குரல் மெலிந்திருந்தது, தெளிவாக இருந்தது. "யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள்ளால உயிரோட வந்தன். இந்த ஊர் என்னைத் திருப்பி அனுப்பேல்லை. பிள்ளையை வளத்தன். அவள் கடல் தாண்டிப் போய்ப் படிச்சு, திரும்பி வந்து, வேலையும் எடுத்திட்டாள். இனி ஓடினா அடிதான் படும் தம்பி. எனக்கும் படும், அவளுக்கும் படும்."

"அக்கா, இது கேம் இல்லை!" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

"இதென்ன கதை? நீரும் யூட்டும்தானே வருசக்கணக்கா சண்டை பிடிச்சனீங்கள், கேம் அச்சொட்டா உண்மை மாதிரி இருக்கோணும் எண்டு."

யூட் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவன் வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் தயார் பண்ணிய பேச்சை விட்டுவிட்டேன். மதுராவுக்கு இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"வேண்டாம் எண்டு சொன்னது மட்டும்தான் அவளுக்கு விளங்கியிருக்கு. நான் தோத்துப்போய் விட்டிட்டன் எண்டு நினைக்கிறாள். அவளுக்கு இந்த விளையாட்டுத் தெரியாதே. நீர் ஒருநாளைக்கு வடிவாச் சொல்லும். இப்ப வேண்டாம், இப்ப அழுவாள்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நேரம் ஓடட்டும். நீங்கள் ரெண்டுபேரும் போயிட்டு வாங்கோ" என்றார். அவர் குரலை நேரில் கேட்டது அதுதான் கடைசி.

செத்தவீட்டில் மதுரா அழவில்லை. வந்தவர்களுக்குக் கைகூப்பினாள், இருக்கச் சொன்னாள். எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்தபோது என்னைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

"அண்ணா, அம்மா உங்களோடதானே எல்லாம் கதைக்கிறவ. ஏன் விட்டுக்குடுத்தவ? என்னோட இன்னும் கொஞ்சநாள் இருக்கோணும் எண்டு அவவுக்கு ஆசை இல்லையோ?"

இந்தக் கேள்விக்குத்தான் அக்கா என்னிடம் பதில் தந்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் தகனசாலை வாசலில் நின்றுகொண்டு, ஓர் அமெரிக்க விளையாட்டின் கடைசி நிமிடத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? பிறகு கதைப்போம் என்றேன்.

ரசிகர் பக்கத்தில் செய்தியை எழுதினேன். கூரில் இருந்து பனித்தடம் கேட்ட அம்மா இனி இல்லை என்று. முதலில் பதில் எழுதியவர் அந்தப் பயிற்சியாளர்க் கிழவர்தான். எழுதினார் என்பது பிழை. ஒரு படம் போட்டார். அவருடைய திரை. மதுரா படித்த பல்கலைக்கழகத்தின் மைதானம், மாலை வெயில், பந்துக்காரன் முழங்காலை ஊன்றி நிற்கிறான். அதன் கீழே இன்னொருவர் தன்னுடைய திரையைப் போட்டார். பிறகு இன்னொருவர். அன்றைக்குச் சிரித்தவர்கள், தண்டனை என்று பகிடி பண்ணியவர்கள், பனிச்சறுக்கு என்றவர் எல்லோரும் வந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. அதே மைதானம், அதே வெயில், அதே முழங்கால். சிலதில் பனி பெய்துகொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் மதுராவுக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தாள். "இதென்ன அண்ணா? ஏன் எல்லாரும் முழங்காலில நிக்கினம்? தோத்துப்போச்சினம் எண்டதோ?"

"இல்லை. அம்மாவின்ர கேம் பெட்டி வீட்டிலதானே இருக்கு? சனிக்கிழமை மத்தியானம் போடும். நானும் யூட்டும் வாறம்" என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை அது. காதில் மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் அவர் வந்துவிட்டதாகக் காட்டும் பச்சைப் புள்ளி மின்னியபோது எழும்பி நின்றுவிட்டேன். யூட்டும் பார்த்திருக்கவேண்டும், யேசுவே என்று முணுமுணுத்தான். "எந்தப் பொத்தான் அண்ணா?" என்று மதுராவின் குரல் வந்தது. மகள் தாயின் அணியை எடுத்தாள். யூட் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான், நான் எதிரே ஆடினேன். முதலில் அவள் பந்தைத் தன் பக்கத்துக்கே கொண்டு ஓடினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். கடைசி நிமிடம் வந்தபோது மதுரா முன்னால் நின்றாள், பந்தும் அவள் கையில். நான் விட்டுக்கொடுத்தேன் என்று யூட் இன்றுவரை சாதிக்கிறான். உண்மையில் நான் எறிந்த இரண்டு பந்தை அவளுடைய ஆள் பறித்துவிட்டான், அவ்வளவுதான்.

"இப்ப முழங்கால் போடும்" என்றேன். எந்தப் பொத்தான் என்று யூட் சொன்னான்.

"ஏன்? இன்னும் நேரம் இருக்கே அண்ணா."

"நேரம் இருக்குத்தான். ஆனா நீர் வெண்டிட்டீர். இனி ஓடினா ஆருக்காவது அடிதான் படும். வெண்டவை மட்டும்தான் இப்பிடி நிக்கலாம். தோக்கிறவைக்கு ஏலாது."

அவள் பொத்தானை அமத்தினாள். பந்துக்காரன் முழங்காலை ஊன்றினான். என் ஆட்கள் எதிரே நின்றார்கள், ஒருவனும் தொடவில்லை. மேலே நேரம் ஓடத்தொடங்கியது. மறுபடி பந்து, மறுபடி முழங்கால். பல்லாயிரம் பேர் நிறைந்த மைதானத்தின் இரைச்சல் தூரத்துக் கடல்போல் கேட்டது. எக்காளம் ஒன்று ஊதி அடங்கியது. கோபுரத்தின் நிழல் புல்லில் நீண்டுகொண்டிருந்தது. கூரில் அந்நேரம் மலைக்குப் பின்னால் பொழுது போயிருக்கும்.

"அம்மா இதைத்தான் செய்தவவோ?"

"ஓம். உம்மை நினைச்சுத்தான் செய்தவ. நீர் படிச்சு முடிச்சு வந்ததோட தான் வெண்டாச்சு எண்டவ. உமக்கு வடிவாச் சொல்லச் சொல்லி என்னட்டைச் சொன்னவ."

அவள் அழும் சத்தம் கேட்டது. செத்தவீட்டில் அழாதவள். விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. நாங்கள் வழமையாக அமத்தித் தாண்டும் இடம் வந்தது. திரை மைதானத்தை ஆறுதலாகச் சுற்றிக் காட்டத் தொடங்கியது. யூட் அமத்தச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பொறுங்கோ அண்ணா" என்றாள் மதுரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நிழல் கோட்டைத் தாண்டுது."

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும்போது கடைசி நிமிடத்தில் பந்தை எறிவதை விட்டுவிட்டேன். முழங்காலை ஊன்றிவிட்டு, கைபிடியை மடியில் வைத்துவிட்டு, தேத்தண்ணியை எடுத்துக்கொள்கிறேன். வயது போய்விட்டது உனக்கு என்று யூட் கிண்டல் அடிக்கிறான். அடிக்கட்டும். நான் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டதும் அவனும் பேச்சை நிறுத்திவிடுகிறான். கூரிலிருந்து மதுராவும் பேசுவதில்லை. அந்த மைதானத்தில் வெயில் இறங்கும்வரை மூவரும் அப்படியே இருக்கிறோம்.